பலாலியா, தலைமன்னாரா

இணைப்பு விமானத்துக்கு ஐம்பது நிமிடம் போதும் என்று மகன் தொலைபேசியில் சொல்கிறான். என்னை ரொறன்ரோவுக்கு அழைக்கிறான். ஒரு வழி டோஹாவில் மாறுவது, ஒரு வழி லண்டனில் மாறுவது, இன்னொன்று சென்னைக்குப் போய் அங்கிருந்து ஏறுவது. மூன்றையும் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டேன். ஐம்பது நிமிடத்தில் நான் கழிவறையைக்கூடக் கண்டுபிடிக்க மாட்டேன். முதல் விமானம் பிந்தினால் என்ன செய்வது என்று கேட்டால், "அது அவங்கட பொறுப்பு அப்பா" என்கிறான். பொறுப்பு யாருடையதாக இருந்தாலும் கதிரையில் குந்தியிருக்கப் போகிறவன் நான்தானே.

அவன் சிரிக்கட்டும். அவன் பிறப்பதற்கு முன்பே இந்த வேலையை வட்டக்கச்சியில் இருந்துகொண்டு செய்தவன் நான். அவனுடைய மாமியை, என் அக்காவை, பினாங்குக்கு அனுப்பிவைத்தபோது.

அக்காவைக் கட்டியபின் அத்தான் ஒரு மாதம்தான் ஊரில் நின்றார். மலாயாவில் றெயில்வேயில் வேலை. பிறகு நான்கு வருடம் கடிதம் மட்டும். கடைசியில் அவள் அங்கே குடியேற அனுமதி கிடைத்தது. ஆனால் அது அந்தக் கார்த்திகை மாத முடிவு வரைதான் செல்லும். அதற்குள் அவள் பினாங்கில் கால் வைக்கவேண்டும். தவறினால் மறுபடி விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு. அந்த நாடு வெளியார் வருவதை இறுக்கிக்கொண்டிருந்த காலம். இரண்டாம் முறை கிடைக்கும் என்று ஒருவரும் உறுதி சொல்லவில்லை. கொழும்பில் ஏறக்கூடிய கப்பல் அடுத்த மாதம்தான். நாகபட்டினத்தில் இருந்து சனிக்கிழமை புறப்படும் கப்பல் ஒன்றுதான் நேரத்துக்குப் போய்ச் சேரும்.

ஆகவே கேள்வி ஒன்றே. வட்டக்கச்சியில் இருந்து நாகபட்டினத்துக்கு எப்படிப் போவது?

வடக்கே போனால் பலாலி. அங்கிருந்து திருச்சிக்கு விமானம், திருச்சியில் இருந்து ரயில். தெற்கே போனால் மதவாச்சி. அங்கே ரயில் மாறித் தலைமன்னார், கடலைக் கடக்கக் கப்பல், அக்கரையில் தனுஷ்கோடி, பிறகு இரவு முழுவதும் ரயில். விமானம் சுருக்கமான வழி; ஆனால் வாரத்தில் சில நாட்கள்தான், மழை என்றால் அதுவும் இல்லை. தலைமன்னார்க் கப்பல் அநேகமாகத் தினமும் உண்டு. ஆனால் காற்று பலமாக அடித்தால் கட்டிப்போட்டுவிடுவார்கள். கார்த்திகையில் மழையும் வரும், காற்றும் வரும்.

நான் அப்போது கிளிநொச்சியில் நீர்ப்பாசனக் கந்தோரில் எழுதுவினைஞன். வீட்டில் ஆங்கிலம் படித்தவன் என்பதால் திட்டம் என் தலையில் விழுந்தது. யோசனை சொன்னவர்களை எண்ணினேன், பதினொரு பேர். அவர்களில் விமானத்தில் ஏறியவர் எவரும் இல்லை.

நான் பலாலியைத் தேர்ந்தேன். புதன்கிழமை விமானம். ஐயாவும் அக்காவும் போவது. அவளை நாகபட்டினத்தில் கப்பலில் ஏற்றிவிட்டு ஐயா திரும்புவது.

"ஆளையும் நிறுப்பாங்களாமே?" என்று ஐயா கேட்டார்.

"ஓம் ஐயா. ஆளையும் பெட்டியையும்."

"செத்தல் மிளகாய் மாதிரி. கொம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதது நல்லது. பிளேன் எழும்பாது."

"நீங்கள் எழும்பினாலே போதும்," என்று குசினிக்குள் இருந்து அம்மா சொன்னா.

அம்மாவுக்கு வேறு கவலை. புதன்கிழமை வடக்கே சூலம். அந்தத் திசைக்கு அன்று பயணம் தொடங்கக்கூடாது. பலாலி வடக்கே இருக்கிறது. விமானக்காரர் பஞ்சாங்கம் பார்த்து நாள் வைக்கவில்லை என்று நான் விளக்கினேன். அம்மா கேட்கவில்லை.

அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணக்காரரின் பொருள் ஒன்றைப் பையில் கட்டிப் போகும் திசையில் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. பிறகு ஆள் எந்த நாளிலும் போகலாம். ஒன்றே கட்டளை: வெளியே போன பை ஆளுக்கு முன்னால் வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது. திங்கட்கிழமை காலை ஐயா மழைக்குள் சைக்கிளில் பரந்தனுக்குப் போய், ஸ்டேசனுக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்த என் பெரியப்பா முறையானவரிடம் அக்காவின் பழைய சீலை ஒன்று வைத்த பையைக் கொடுத்துவிட்டு வந்தார். புதன்கிழமை போகும் வழியில் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

அன்று பின்னேரம் தபாற்கந்தோரில் விசாரித்தேன். திங்கட்கிழமை விமானம் வரவில்லை. மழை.

என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. வாய்க்கால் கரையில் நடந்தேன், திரும்பி நடந்தேன். புதன்கிழமையும் மழை பெய்தால்? பெய்தால் அதன்பிறகு சனிக்கிழமைக்குள் நாகபட்டினம் போக ஒரு வழியும் மிஞ்சாது. ஆனால் செவ்வாய்க்கிழமை காலையே தெற்கே ரயில் ஏறினால், தலைமன்னாரில் ஒரு நாள் கப்பல் நின்றாலும் அடுத்த நாள் போகலாம். எது தவறினாலும் மறுநாள் இன்னொன்று உண்டோ, அந்த வழிதான் வழி. வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"இப்பவோ சொல்லுறாய்?" என்றாள் அக்கா. அவள் விமானத்துக்காக ஏழு பொதிகளை இரண்டாகக் குறைத்து வைத்திருந்தாள்.

"இனி ஏழையும் கொண்டு போகலாம் அக்கா. கப்பலிலை நிறுக்கமாட்டினம்."

அதைக் கேட்டதும் அம்மாவுக்குத் தலைமன்னார் பிடித்துவிட்டது. பனங்கிழங்குப் புழுக்கொடியல், மிளகாய்த்தூள், கருவாடு, தேங்காய்த் திருவலை எல்லாம் மறுபடி கட்டப்பட்டன. "செவ்வாய்க்கிழமை தெற்கே சூலம் இல்லை," என்று அம்மாவே அறிவித்தா. பரந்தனில் இருக்கும் பை எதிர்த் திசையில் கிடந்தது. பழைய சீலைதானே, கிடக்கட்டும் என்று ஐயா சொன்னார். அம்மா அப்போது கருவாட்டை ஓலையில் சுற்றிக்கொண்டிருந்தா. அவ அதைக் கேட்டாவோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை கிளிநொச்சி ஸ்டேசன். மழை விட்டிருந்தது. வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. பொதிகளை எண்ணினேன், ஏழு. ரிக்கெற்றுகள், மூன்று. தலைமன்னார் வரை நானும் போவதாக இருந்தது. பிறகு கேட்டேன்.

"அக்கா, பாஸ்போட்?"

"அம்மாட்டைக் குடுத்தனான்."

"அம்மா, பாஸ்போட் எங்கை?"

அம்மா என்னை அமைதியாகப் பார்த்தா. "அது நேற்றே வெளிக்கிட்டிட்டுது."

எனக்கு விளங்கவில்லை. "எங்கை வெளிக்கிட்டது?"

"பையுக்கை வைச்சு விட்டனான். வெறும் சீலையை அனுப்பினால் சீலைதானே பயணம் போகும்? பிள்ளை போகவேணுமெண்டால் பிள்ளையின்ரை முக்கியமான சாமான் போகவேணும். படமும் கிடக்கு, பேரும் கிடக்கு. அதைவிட வேறை என்ன?"

"ஐயோ அம்மா, நேற்றிரவு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் போற வழியிலை எடுப்பியள் எண்டு நினைச்சன். பரந்தன் உந்தப் பக்கம்தானே."

"ரயில் அந்தப் பக்கம் போகேல்லை அம்மா! அந்தப் பக்கத்திலை இருந்து வருகுது!"

அக்கா பொதி ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். நான்கு வருடம் காத்திருந்தவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாயில் இருந்து வந்த வார்த்தையே எனக்கு வழியைக் காட்டியது. ரயில் பரந்தன் வழியாகத்தான் வருகிறது. பரந்தன் எங்களுக்கு முந்தின ஸ்டேசன். ஸ்டேசன் மாஸ்டரிடம் ஓடினேன். அவர் காலை உணவுப் பொட்டலத்தை விரித்துக்கொண்டிருந்தார்.

"ரயில் ஆனையிறவை விட்டிட்டுது தம்பி," என்றார்.

"பரந்தன் மாஸ்டரிட்டைச் சொல்லுங்கோ சேர். ஸ்டேசன் பக்கத்திலை தேத்தண்ணிக்கடை. பையை வாங்கி ரயில் கார்ட்டிட்டைக் குடுத்தால் போதும்."

"பையுக்கை என்ன?"

"ஆளின்ரை பாஸ்போட்."

"ஆள் இஞ்சை, பாஸ்போட் அங்கையோ? எந்தப் படிச்ச மனுசன்ரை வேலை?"

என் சட்டைப்பையில் இருந்த பேனாவை அவர் பார்த்த பார்வை நல்லாயில்லை. ஆனாலும் தொலைபேசியைச் சுற்றினார். மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. "சொல்லியிருக்கு. இனி அவை பாடு," என்று பொட்டலத்துக்குத் திரும்பினார்.

நான் மேடையில் முன்னும் பின்னும் நடந்தேன். "நிண்டு பாரடா, தலை சுத்துது," என்றார் ஐயா. பை வராவிட்டால் இந்த ரயிலை விடவேண்டும். பரந்தனுக்குப் போய் வந்தால் அடுத்ததையும் பிடிக்க முடியாது. மதவாச்சியில் தலைமன்னார் ரயில் நமக்காக நிற்காது. அப்படிப் பிந்தி புதன்கிழமை பலாலிக்கே போனால்? விமானத்தில் எங்களுக்கிருந்த இரண்டு இடத்தையும் காலையில் நானே தந்தி அடித்து விட்டுக்கொடுத்திருந்தேன்.

ரயில் வந்தது. கடைசியில் இருந்த கார்ட் பெட்டிக்கு ஓடினேன். "பையோ? ஒருத்தரும் தரேல்லை," என்றார் கார்ட். அந்த நேரத்தில் நடுப்பெட்டி ஒன்றின் யன்னலில் இருந்து குரல்.

"டேய், இஞ்சை! இஞ்சை!"

பெரியப்பாவேதான். மேலில் சட்டை இல்லை, தோளில் துவாய், மடியில் பை.

"நல்ல நேரத்திலை வெளிக்கிட்ட பை. அதைக் கார்ட்டிட்டைக் குடுக்கிறதோ? அவர் எங்கை வைப்பாரோ! நானே கொண்டு வந்திட்டன்."

"தாங்கோ பெரியப்பா."

"உன்னட்டை ஏன்? நீயோ போறாய்? பிள்ளை உள்ளை ஏறட்டும், கையிலை குடுப்பன். பை கீழை இறங்கக்கூடாது."

"அதுதான் சரி," என்றா அம்மா வெளியில் நின்று. "மேடையிலை வையாதைங்கோ!"

கார்ட் விசிலை வாயில் வைத்துவிட்டார். ஏழு பொதிகளை யன்னலால் தள்ளினோம். அக்கா ஏறி, பையை வாங்கி, திறந்து, சீலைக்குள் கையை விட்டாள். கடவுச்சீட்டு, அம்மா வைத்த மஞ்சள்கிழங்குத் துண்டோடு இருந்தது. அதன்பிறகுதான் அழுதாள். ரயில் நகர்ந்தது. அம்மாவுக்கு அவள் கை அசைத்ததை நான் பார்க்கவில்லை, பொதிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"பெரியப்பா, ரிக்கெற்?"

"ரிக்கெற்றோ? அடுப்பிலை கேத்திலையே விட்டிட்டு வந்தவன் நான். முறிகண்டியிலை இறங்கிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சுப்போட்டு லொறியிலை திரும்புவன். பரிசோதகர் வந்தால் நீ இங்கிலீசிலை கதை."

அவர் முறிகண்டியில் இறங்கினார். மாங்குளம் தாண்டியதும் தலைக்கு மேலே ஒரு சத்தம். யன்னலால் தலையை நீட்டிப் பார்த்தேன். விமானம். திங்கட்கிழமை வராதது, கொழும்பில் இருந்து பலாலிக்குப் போய்க்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

"அதுதானே எங்கட?" என்றாள் அக்கா.

"இல்லை. எங்கடை நாளைக்கு."

"நாளைக்கும் இப்பிடித்தான் பறக்கும் போலை கிடக்கு," என்றார் ஐயா, புழுக்கொடியலைக் கடித்தபடி. நான் யன்னலை இழுத்து மூடினேன்.

மறுநாள் காலை தலைமன்னார்த் துறைமுகத்தில் காற்று வேட்டியை இழுத்தது. கப்பல் போகுமா என்று நான்கு பேரிடம் கேட்டேன். இரண்டு பேர் போகும் என்றார்கள், இரண்டு பேர் பார்க்கலாம் என்றார்கள். அதிகாரி அக்காவின் கடவுச்சீட்டை முகர்ந்து பார்த்து, "மஞ்சள் மணக்குது," என்று சொல்லி முத்திரை குத்தினார். கப்பல் போயிற்று. ஐயாவின் தலைப்பாகை தெரியும்வரை நின்றேன். பிறகும் நின்றேன்.

வீட்டுக்கு வந்தும் இருப்புக் கொள்ளவில்லை. புதன்கிழமை விமானம் வந்ததா என்று தபாற்கந்தோரில் கேட்டேன். நேரத்துக்கு வந்ததாம். ஆக இரண்டு வழியும் சரியாகவே இருந்திருக்கின்றன. இது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

ஐயா திரும்பி வந்து சொன்ன செய்தி அதைவிட மோசம். நாங்கள் அடித்துப்பிடித்துப் பிடிக்கப் போன நாகபட்டினக் கப்பல் சனிக்கிழமை வரவேயில்லை, பிந்தித்தான் புறப்பட்டது. அனுமதி முடிவதற்குள் போய்ச் சேருமா என்பதைக் கப்பல்காரரே சொல்லவில்லையாம். "நீ என்ன செய்வாய், கடலுக்கும் நீயோ கிளாக்கர்?" என்றார் ஐயா. நான் சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பினேன்.

அக்காவின் கடிதம் வந்தபோது வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அனுமதியின் கடைசி நாளில் இறங்கினாளாம். அத்தான் தலை நரைத்து, கரையில் குடையோடு நின்றாராம். முதலில் அடையாளம் தெரியவில்லையாம். கருவாட்டைச் சுங்கத்தில் எடுத்துவிட்டார்களாம். கடைசி வரியில் ஒன்று எழுதியிருந்தாள்: தம்பி, திரும்பி வருவதென்றால் எந்த வழி நல்லது என்று பார்த்து எழுது.

அம்மா, "என்னவாம்?" என்றா.

"சுகமாம்," என்றேன்.

அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. போய் இறங்கியவள் ஏன் திரும்பும் வழி கேட்கிறாள்? பதில் எழுத உட்கார்ந்து, பினாங்கு–கொழும்பு, பினாங்கு–நாகபட்டினம், பினாங்கு–சென்னை என்று ஒரு பக்கம் நிரப்பினேன். பிறகு அதைக் கிழித்தேன். எத்தனை பேருக்குப் பார்க்கவேண்டும் என்று மட்டும் கேட்டு அனுப்பினேன்.

பதில் வர மாதங்கள் ஆயின. போகம் முடிந்து, சூடு அடித்து, நெல்லும் விற்றாகிவிட்டது. நான் ஒவ்வொரு நாளும் தபாற்காரனின் மணிக்குக் காது கொடுத்தபடி இருந்தேன். வந்த கடிதம் சிறியது. அவசரமில்லை தம்பி, இரண்டு வருசம் கழித்துத்தான் அத்தானுக்கு லீவு. மூன்று பேருக்குப் பார்.

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவ கொப்பியடுக்கின் மேலிருந்த பஞ்சாங்கத்தை எடுக்கப் போனா. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு தபாற்கந்தோருக்குப் போனேன். மடியில் இருக்கும் பிள்ளையையும் விமானத்தில் ஓர் ஆளாக நிறுப்பார்களா என்று கேட்கவேண்டியிருந்தது. தபாலதிபருக்குத் தெரியவில்லை.