விழுந்த கணக்கில் வராது

ரக்பி லீக் ஆட்டத்தின் விதிகளில் பாதியை உண்டாக்கியவன் நான்தான் என்று ஒன்பது வயதிலிருந்து பதினேழு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். வெளியில் சொல்லிக்கொள்ள முடியாத பெருமை அது. சொன்னால் என் அத்தையின் ஆட்டம் நின்றுபோகும் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

செம்பட்டியிலிருந்து மேற்கே போகும் சாலையில் எங்கள் ஊர். தென்னையும் தக்காளியும்தான் பிழைப்பு. வீட்டில் பெரியப்பா சொன்னால் சொன்னதுதான். அப்பா அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். இருவருக்கும் வெகு காலம் கழித்துப் பிறந்த தங்கை என் அத்தை. தாய் தகப்பன் இல்லாத அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர் பெரியப்பாதான்.

அத்தை பத்தாவதோடு நின்றுவிட்டாள். ஆனால் பள்ளியில் கபடி ஆடியவளை அங்கிருந்த விளையாட்டு வாத்தியார் விடவில்லை. திண்டுக்கல்லில் ஒரு ரக்பி அணி சேர்க்கிறார்கள் என்று கூட்டிப்போய்விட்டார். வீட்டில் பந்து கிடையாது. தோப்பில் கிடந்த மட்டைத் தேங்காய்தான் பந்து. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் ஓடுவாள். ஓடிக்கொண்டே பின்னால் வரும் என்னிடம் எறிவாள். நெஞ்சில் வாங்கி வாங்கி எனக்குச் சட்டை முழுக்கத் தேங்காய்க் கறை. எதற்குப் பின்னால் எறிகிறாய் என்று கேட்டதற்கு, “முன்னால எறிஞ்சா தப்புடா” என்றாள். நான் அறிந்த ரக்பி அவ்வளவுதான்.

எனக்கு ஒன்பது வயதான வருஷம் தேசிய லீக் நடந்தது. ஊர் ஊராகப் போய் ஆடினார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தையிடமிருந்து போன் வரும். “ஜெயிச்சுட்டோம்டா” என்பாள். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைப்பேன். கடைசி ஆட்டத்தையும் ஜெயித்துக் கோப்பையோடுதான் வந்தாள். ஆனால் கோப்பை இடது கையில் இருந்தது. வலது கை கழுத்தோடு கட்டுப்போட்டுத் தொங்கியது. தோள்பட்டை எலும்பில் விரிசல்.

பெரியப்பா கோப்பையைப் பார்க்கவே இல்லை. மறுநாள் காலை பால் ஊற்றும் இடத்தில், அத்தனை பேர் முன்னால் சொன்னார்:

“இன்னொரு தடவ எந்தங்கச்சி தரையில விழுந்தான்னா, அன்னையோட அந்த ஆட்டத்துக்கு முழுக்கு. இது நான் சொன்ன சொல்லு.”

பெரியப்பாவின் சொல் எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு பங்காளி வீட்டு வாசற்படி மிதிப்பதில்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டார். பிறகு சமாதானமாகி, இரு வீட்டிலும் பலகாரம் மாற்றிக்கொண்டார்கள். அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணத்தன்று பெரியப்பா தெருவிலேயே நின்றார். பெண்ணும் மாப்பிள்ளையும் தெருவுக்கு வந்து காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொண்டு போனார்கள்.

எலும்பு கூடிய மாதமே, இந்திய அணிக்கு அத்தையை எடுத்திருப்பதாகச் செய்தி வந்தது. வெளிநாட்டில் இரண்டு ஆட்டம். பெரியப்பா அவளைக் கூப்பிட்டு, “விழாம ஆடுவியா?” என்றார். “ஆடுவேண்ணே” என்றாள் அத்தை, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். பஸ் ஏறும்போது என் காதோரம் குனிந்து, “பெரியப்பாவப் பாத்துக்கடா” என்று மட்டும் சொன்னாள். அவருக்கு என்ன உடம்புக்கு என்று நான் குழம்பினேன்.

முதல் ஆட்டத்தில் தோற்றார்கள். அது எதிலும் காட்டப்படவில்லை. இரண்டாவது ஆட்டம் போனில் நேரடியாக வரும் என்றார்கள். கேபிள்காரர் வந்து போனுக்கும் எங்கள் டிவிக்கும் ஒரு வயர் கொடுத்தார். தக்காளிப் பெட்டிகளை அடுக்கி, டிவியை வாசலில் வைத்தோம். தெருவே கூடிவிட்டது. முன்வரிசையில் நாற்காலி போட்டுப் பெரியப்பா. அவருக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் ஊர்க் கபடி அணிக்குத் தலைவராக இருந்த டீக்கடைக்காரர். டிவிக்கு அருகே ஒரு முக்காலி. அது எனக்கு. பெரியப்பாவே எடுத்துப் போட்டார்.

“வர்ணனை இங்கிலீஷ்ல வருதாம். நம்ம வீட்டுல இங்கிலீஷ் படிக்கிறவன் நீதான். என்ன சொல்றான்னு கேட்டுச் சொல்லு.”

எங்கள் குடும்பத்தில் ஆங்கிலப் பள்ளி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அன்று என் ஆங்கிலம், தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கிற அளவுக்குத்தான் இருந்தது. வர்ணனையாளரோ மாவு மிஷின் ஓடுவதுபோலப் பேசினார். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அதைத் தெருவே கூடியிருக்கும் இடத்தில் ஒப்புக்கொள்வதா?

ஆட்டம் தொடங்கி ஐந்தாவது நிமிஷம் பந்து அத்தையிடம் வந்தது. நாலு எட்டு ஓடியிருப்பாள். சிவப்புச் சட்டைக்காரிகள் இரண்டு பேர் இடுப்பைப் பிடித்துச் சாய்த்தார்கள். அத்தை தரையில்.

“அவுட்டு! பிடிச்சுட்டாளுக!” என்று டீக்கடைக்காரர் தொடையைத் தட்டினார்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். “ஏலே, என்ன சொல்றான் அவன்?”

திரையில் அத்தை எழுந்து, பந்தைக் காலால் பின்பக்கம் உருட்டிவிட்டாள். இன்னொருத்தி எடுத்துக்கொண்டு ஓடினாள். கண்ணில் பட்டதை வைத்து நானே ஒரு விதியைக் கட்டிச் சொன்னேன். “பிடிச்சா அவுட் இல்லயாம் பெரியப்பா. எந்திரிச்சுக் காலால தட்டிவிட்டுட்டு மறுபடி ஆடலாமாம்.”

“அப்ப இப்ப விழுந்தது?”

“விழுந்த கணக்குல வராது.”

“அவனா சொன்னான்?”

“ஆமா பெரியப்பா. இங்கிலீஷ்ல சொன்னாரு.”

பெரியப்பா தலையை ஆட்டிவிட்டுத் திரையைப் பார்த்தார். டீக்கடைக்காரர் விடவில்லை. “அதென்ன ஆட்டம், பிடிச்சாலும் அவுட் இல்லாம? அப்ப விடிய விடிய ஆடுவாளுகளா?”

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறாவது முறை பிடிபட்டதும் பந்து எதிரிகள் கைக்குப் போனது. “ஆறு தடவதான் மாமா” என்றேன், பிறக்கும்போதே தெரிந்தவன்போல.

அத்தை விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். ஒவ்வொரு முறையும் பெரியப்பா என்னைப் பார்ப்பார். நான் தலையை இடவலமாக ஆட்டுவேன். அவர் நிம்மதியாகச் சாய்ந்துகொள்வார். ஒருமுறை அத்தை தாவினாள். ஒருத்தி அவளை அந்தரத்திலேயே கட்டிப்பிடித்தாள். அந்த நேரம் பார்த்துப் படம் நின்றுவிட்டது. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிஷத்துக்கு மேல் அத்தை ஆகாயத்தில் படுத்திருந்தாள்.

“விழுந்துட்டாளாலே?” என்றார் பெரியப்பா.

“இன்னும் விழல பெரியப்பா.”

“விழாம அங்கனயே இருந்துக்கிருவாளாக்கும்!” என்றார் டீக்கடைக்காரர். தெரு சிரித்தது. படம் திரும்ப ஓடியபோது அத்தை வேறெங்கோ நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு விழுதலை யாருமே பார்க்கவில்லை.

இதற்குள் நம் பெண்ணொருத்தி கோட்டைத் தாண்டிப் பந்தோடு தரையில் பாய்ந்து பாயிண்ட் எடுத்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தைத் தரையில் அழுத்தினால்தான் பாயிண்ட், நின்றுகொண்டிருந்தால் கிடையாது என்று அதையும் அறிவித்தேன்.

இரண்டாம் பாதியில்தான் வினை வந்தது. கூட்டமாக விழுந்ததிலிருந்து எல்லோரும் எழுந்தார்கள். அத்தை மெதுவாக எழுந்தாள். கேமரா அவள் முகத்துக்கு அருகில் போனது. இடது புருவத்திலிருந்து கன்னம்வரை சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா எழுந்து நின்றுவிட்டார். டீக்கடைக்காரர்கூடத் தரையைப் பார்த்தார்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். “அது என்னலே?”

பால் ஊற்றும் இடத்தில் அவர் சொன்ன சொல் கண்முன் நின்றது. தோப்பு நினைவுக்கு வந்தது, தேங்காய் நினைவுக்கு வந்தது. “சாயம் பெரியப்பா. அவளுக சிவப்புச் சட்டை இருக்குல்ல, வேர்வையில சாயம் விட்டு ஒட்டிருச்சாம்.”

“சாயமா?”

“சாயந்தான்.”

அவர் என்னைச் செத்த நேரம் பார்த்தார். பிறகு டிவியைப் பார்த்தார். “மட்டமான துணி போல” என்றார். அப்பா மெல்ல உட்கார்ந்தார்.

அத்தை வெளியே போய், தலையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு திரும்ப உள்ளே ஓடிவந்தாள். தெரு கை தட்டியது. அப்போது எதிரணி பதினாறு, நாம் பதினான்கு. நேரம் முடிய ஒரு நிமிஷமோ என்னவோதான். நம் பெண்கள் ஐந்து முறை பிடிபட்டுவிட்டார்கள். இன்னொரு முறை பிடிபட்டால் பந்து போய்விடும்.

பந்து கைமாறிக் கைமாறி, பின்னால் பின்னால் வந்து, ஓரத்தில் நின்ற அத்தையிடம் சேர்ந்தது. அவள் ஓடினாள். தோப்பில் ஓடுவாளே, அதே ஓட்டம். ஒருத்தியை ஏமாற்றினாள். இன்னொருத்தியைக் கையால் தள்ளினாள். கோட்டைத் தாண்டிவிட்டாள். தாண்டிய இடத்தில் மூன்று பேர் வந்து அவளைக் கட்டிப்பிடித்து, விழவிடாமல் நிமிர்த்தி நிறுத்திவிட்டார்கள்.

நாற்காலி சாய்ந்த சத்தம் கேட்டது. பெரியப்பா எழுந்து நின்றிருந்தார். துண்டு தரையில் கிடந்தது.

“விழு தாயி! விழுந்துரு! ஏ ஆத்தா, விழுடீ!”

தெருவே சேர்ந்துகொண்டது. அப்பா கத்தினார், அம்மா கத்தினாள். “விழு! விழு!” என்று டீக்கடைக்காரர் கத்திய கத்தில் தக்காளிப் பெட்டி ஆடியது. கடல் தாண்டி அது கேட்டிருக்க நியாயமில்லை. ஆனால் அத்தை முழங்காலை மடக்கினாள். இடுப்பை ஒரு திருகு திருகினாள். மூன்று பேரையும் மேலே போட்டுக்கொண்டு, தென்னை சாய்வதுபோலப் பந்தோடு விழுந்தாள்.

நடுவர் விசில் ஊதிக் கையைக் காட்டினார். பதினெட்டு, பதினாறு.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. யாரோ என்னைத் தூக்கி எறிந்து பிடித்தார்கள். பெரியப்பா வீட்டுக்குள் ஓடி, கைக்குக் கிடைத்த தேங்காய்களை அள்ளிவந்து, நடுத்தெருவில் சிதறுகாய் போட்டார். பிள்ளைகள் சில்லுகளுக்கு அடித்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே வந்து, “ஏண்ணே, கடைசியா விழுந்தாளே, அது விழுந்த கணக்குல வருமா வராதா?” என்று சீண்டினார்.

பெரியப்பா என் பக்கம் கையை நீட்டினார். “என்னைய ஏன்ப்பா கேக்குற? படிச்சவன் அவன் இருக்கான்ல, அவன்ட்ட கேளு.”

“வராது” என்றேன்.

“கேட்டுக்கிட்டியா?” என்றார் பெரியப்பா, அடுத்த தேங்காயை ஓங்கிக்கொண்டே.

பதினேழு வயதில் திண்டுக்கல்லில் கல்லூரியில் சேர்ந்தபோது, நூலகத்தில் ரக்பி லீக் விதிகள் அடங்கிய புத்தகம் ஒன்று கிடைத்தது. பிடிபட்டால் அவுட் இல்லை. எழுந்து காலால் பின்னால் உருட்டலாம். ஆறு முறை. எல்லாம் அச்சில் இருந்தது. நான் உண்டாக்கியதாக நினைத்ததெல்லாம் எனக்கு முன்பே யாரோ உண்டாக்கியது. என் சொந்தச் சரக்கு என்று மிஞ்சியது அந்தச் சாயம் ஒன்றுதான்.

அன்றைக்குத்தான் அதையும் யோசித்துப் பார்த்தேன். பெரியப்பாவுக்குப் பசுவுக்குப் பேறுகாலம் பார்க்கத் தெரியும். அரிவாள் பட்ட காலுக்குத் தானே துணி கட்டிக்கொள்வார். அவருக்கா ரத்தம் தெரியாது? ஊருக்கு முன்னால் சொன்ன சொல்லை அவர் ஒருநாளும் திரும்ப வாங்கியதில்லை. அப்படிப்பட்டவர், ஒன்பது வயதுப் பையனுக்கு டிவிக்கு அருகே முக்காலி எடுத்துப் போட்டிருக்கிறார்.

அந்த ஆட்டம் முடிந்த வாரமே அத்தை ஊருக்கு வந்திருந்தாள். மேளம் வைத்து அழைத்துவந்தார்கள். அதற்குப் பிறகு மூன்று சீசன் ஆடினாள். முழுக்கு என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவள் வந்த அன்று வாசலில் அம்மா ஆரத்தி சுற்றும்போது எல்லோரும் அவள் புருவத்தைத்தான் பார்த்தார்கள். ஏழு தையல், கறுத்துக் காய்ந்து கிடந்தது. பெரியப்பா அருகில் வந்து, அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். கட்டைவிரலால் தையலைத் தொடாமல், அதன் ஓரமாகவே தடவினார்.

“சாயம் இன்னும் போகலையே தாயி” என்றார்.

அத்தை ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய மனிதரை ஏமாற்றிவிட்டோமே என்ற சந்தோஷத்தில், சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் நின்றேன்.