முத்தையா அண்ணன் எங்கள் மகளுக்காகப் பேசிய நாள்

முத்தையா அண்ணன் இறந்துவிட்டார் என்று காலையில் தேயிலைத் தோட்டத்திலிருந்து என் தம்பி அழைத்துச் சொன்னான். நான் படிப்பிக்கும் பாடசாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். "காய்ச்சல்னு படுத்தாரு அக்கா. நேத்து சாயங்காலம் போயிட்டாரு" என்றான். ஹட்டன் டவுனுக்கு நாங்கள் குடிவந்த பிறகு அவரைப் பார்ப்பதே குறைந்துவிட்டிருந்தது.

வட்டவளைப் பக்கத்து எங்கள் தோட்டத்தில், பறித்த தேயிலையை ஏற்றும் கொழுந்து லொறியை ஓட்டிய அவரை உங்களில் பலர் அறிவீர்கள். பிரசவ வலி வந்தாலும் பாம்பு கடித்தாலும் அந்த லொறிதான் ஆஸ்பத்திரிக்குப் போகும். எத்தனையோ பேரை ஏற்றிப் போனவர், யாரிடமும் அதிகம் பேசமாட்டார். அவர் மனம் திறந்து பேசி நாங்கள் கேட்டது ஒரே ஒரு நாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் மகள் பிறந்தாள். பால் குடிக்கும்போதே வியர்த்துப்போவாள். அழுதால் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இருதயத்தில் ஓட்டை இருக்கிறது, கொழும்பில் சத்திரசிகிச்சை செய்யவேண்டும், தாமதிக்காதீர்கள் என்று கண்டியில் டாக்டர் சொன்னார். என் கணவர் மறுத்துவிட்டார். "கைக்குள்ள அடங்குற புள்ள. அது நெஞ்சைக் கிழிக்கவா பெத்தோம்? கொஞ்சம் தேறட்டும்" என்றார். எனக்கும் பயம்தான். கோயிலுக்கு நேர்ந்துகொண்டு, அவளை அழவிடாமல் மாறி மாறித் தூக்கி வைத்திருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்தையா அண்ணன், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தம்பி, எங்க புள்ளைக்கும் இதே நோவுதான்" என்றார்.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்து இறந்ததாகக் கேள்விப்பட்டிருந்தோம். அதற்கு மேல் எதுவும் தெரியாது.

"டாக்டர் ஆபரேசன் செய்யச் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். தேறட்டும்னேன். சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு, அத நம்பிட்டேன். மூணு வயசுல போயிருச்சு. பாசத்துலதான் தடுத்தேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் தம்பி. அது பயம்."

"ஆபரேசன்ல ஏதாச்சும் ஆயிட்டா அண்ணே?" என்று கேட்டார் என் கணவர்.

"ஆவலாம். ஆனா, செஞ்சு பாத்தோமேன்னு அழுவீங்க. எனக்கு அந்த அழுகைகூட இல்ல."

கணவர் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு, "நீங்களும் கூட வருவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

வந்தார். யுத்த காலம். கொழும்பில் சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் எங்களை மறித்தபோது அவர்தான் சிங்களத்தில் பேசி, பிள்ளையின் உதட்டைக் காட்டி வழிவிடச் சொல்லிக் கேட்டார். சத்திரசிகிச்சை நடந்த அன்று உள்ளே வராமல் ஆஸ்பத்திரி மதிலோரமாகவே நின்றிருந்தார். பிள்ளை கண் விழித்துவிட்டாள் என்று என் கணவர் ஓடிப்போய்ச் சொன்னதும், நின்ற இடத்திலேயே குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாராம். "வந்து பாருங்கண்ணே" என்று கூப்பிட்டதற்கு, "நல்லா இருக்குல்ல, அது போதும்" என்றாராம்.

மகள் வளர்ந்தாள், ஓடித் திரிந்தாள். "மாமா" என்று அவள் கத்தினால் லொறியை நிறுத்திக் கையசைப்பார், இறங்கமாட்டார். வீட்டுக்குக் கூப்பிட்டால், "இன்னொரு நாளைக்கு டீச்சர்" என்பார். ஓடியாடும் பிள்ளையைப் பக்கத்தில் பார்க்க அவர் மனம் என்ன பாடுபடும் என்று எண்ணி நானும் வற்புறுத்தியதில்லை. அவருடைய குழந்தையைப் பற்றி ஒருபோதும் கேட்டதுமில்லை. புண்ணைக் கிளறக்கூடாது என்றிருந்தோம். தோட்டமே அப்படித்தான் இருந்தது.

மகளையும் கூட்டிக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி லெட்சுமி அக்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"கொழும்புலேருந்து வந்த அன்னிக்குத்தான் டீச்சர், அவரு எங்கிட்ட எங்க புள்ளையப் பத்தி வாயே தொறந்தாரு. அதுக்கப்புறம் தெனமும் ரெண்டு பேரும் பேசிக்குவோம். வேற யாராச்சும் அவளப் பத்திக் கேக்க மாட்டாங்களான்னு அவருக்கு ஏக்கமா இருந்துச்சு. ஒருத்தரும் கேக்கல."

"பேரு என்னக்கா?" என்றேன்.

"சரோஜா" என்றார். அழுகைக்கு நடுவே அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது.

நாங்கள் மரியாதை என்று நினைத்துக் காத்த மௌனம் அந்த இருவரையும் இத்தனை வருடங்கள் தனியாக விட்டிருக்கிறது. முத்தையா அண்ணன் தந்ததென்று என் மகளின் உயிர் எங்களிடம் இருக்கிறது. இனி சரோஜா என்ற பெயரும் இருக்கும். அவர் காதுபட அதை ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.