பொடக்காளி வாசல்

எங்கள் வீட்டில் இதுவரை எட்டுக் கல்யாணம் நடந்திருக்கிறது. எட்டும் பொடக்காளியில்தான். பொடக்காளி என்றால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற இடம். துணி துவைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அங்கே. கல்யாணம் என்றால் அதையே சாணி போட்டு மெழுகிப் பந்தல் போட்டுவிடுவோம்.

வெளியாள் மேளத்துக்கு மட்டும். சமையல் என் அக்கா. ஒயரிங், வெல்டிங் தம்பி. பந்தல் நான். நான் பனியன் கம்பெனியில் கட்டிங்கில் இருக்கிறேன். சாயம் ஏறாமல் கழித்த துணி ரோல்களை வாங்கி வருவேன். என் வீட்டுக்காரி ஓவர்லாக் மெஷினில் மூட்டித் தருவாள். அதுதான் பந்தல் கூரை.

பனியன் துணி இழுபடும். என் கல்யாணத்தில் அது தெரியாமல் போய்விட்டது. பனியில் நனைந்து தொங்கி, தாலி கட்டும்போது கூரை என் தலையில் உட்கார்ந்துகொண்டது. அக்கா தென்னை மட்டையால் தூக்கிப் பிடித்து நின்றாள். போட்டோவில் மட்டை மட்டும் தெரியும். அதிலிருந்து குறுக்கே கம்பி இழுத்துக் கட்டுகிறோம்.

எட்டாவது கல்யாணம் என் மகளுக்கு. அவளும் மாப்பிள்ளையும் ஒரே கம்பெனி. அவர்களே பேசி முடிவு செய்துவிட்டு எங்களிடம் சொன்னார்கள். சரி என்றேன். மாப்பிள்ளை வீட்டார் திருநெல்வேலிப் பக்கம். இங்கே வந்து இருபது வருடம் ஆகிறது. அப்பா இல்லை. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர்.

பத்திரிகை அடிக்கும் முன்னால் அந்தம்மா இடம் பார்க்க வந்தார். அக்கா முன்வாசலில் வரவேற்று, வீட்டுக்குள் நடத்தி, பின்கதவைத் திறந்து காட்டினாள். நானும் கூடப் போனேன்.

"கல்யாணம் எங்கன வச்சிருக்கீய?"

"இங்கதானுங்க. எங்கூட்டுக் கல்யாணம் எல்லாமே பொடக்காளிலதானுங்க."

அந்தம்மா துவைக்கிற கல்லைப் பார்த்தார். கழுவாமல் கிடந்த குண்டாவைப் பார்த்தார்.

"இது பொறவாசல்லா?"

"ஆமாங்க."

"பொறவாசல்ல வந்து தாலி கட்டுததுக்கு எம்மவன் என்ன களவாணிப் பயலா? மண்டபம் பாருங்க அண்ணாச்சி. இல்லன்னா அவன் வந்து கட்டிக்கிடட்டும். நா வரமாட்டேன்."

காப்பியைக் குடிக்காமல் போய்விட்டார்.

அக்காவுக்குக் கோபம். "பத்துப் பேருக்குப் பொங்கிப் போட்டிருப்பாங்களா அந்தம்மா? நம்ம பொடக்காளில ஆயரம் எலை விழுந்திருக்குது" என்றாள். ஆனால் அந்தம்மா சொன்னதில் தப்பு இல்லை. ஒற்றை ஆளாக நின்று பிள்ளையை வளர்த்துவிட்டு, கல்யாணத்தன்று குண்டாவைத் தாண்டி வா என்றால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும்.

சாயங்காலம் மகள் வந்து உட்கார்ந்தாள்.

"அவங்கம்மா வராம எனக்குக் கல்யாணம் வேண்டாமுங்ப்பா."

"அப்ப மண்டபம் பாக்கறேன் கண்ணு."

"மண்டபமும் வேண்டாமுங்ப்பா."

"ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"ரெண்டுந்தானுங்ப்பா."

அவள் எழுந்து போன பிறகு பொடக்காளியில் போய் நின்றேன். பின்னால் ஹாலோ பிளாக் சுவர். நானும் அப்பாவும் கட்டியது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் சோளக்காடு. இப்போது அங்கே சைட் போட்டு விற்று, முப்பதடிக்குத் தார் ரோடு வந்துவிட்டது. எங்கள் முன்வாசலில் இருப்பது ஆட்டோ திரும்ப முடியாத சந்து. நாங்கள் அதிலேயே போய் வந்துகொண்டிருந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்மட்டியை எடுத்தேன். சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தாள்.

"ஏண்டா, கல்யாணத்த வெச்சுக்கிட்டுச் செவுத்த இடிக்கற?"

"வாசல் வெக்கறேன்."

"வாசல்தான் முன்னால இருக்குதல்லோ?"

"இனி இதுதான் முன்னால."

அக்கா கூடையை எடுத்து வந்து இடிந்த கல்லை அள்ள ஆரம்பித்தாள்.

கம்பெனியில் கழித்த கட்டிங் டேபிளின் இரும்புச் சட்டத்தை வெட்டித் தம்பி கேட் செய்தான். துவைக்கிற கல்லை நாலு பேர் புரட்டிச் சந்துப் பக்கம் கொண்டு போனோம். கதவு எண் தகட்டைக் கழற்றிப் புது கேட்டில் அடித்தேன். அப்போதுதான் கவனித்தேன். பழைய வாசல் மேற்கே பார்த்தது. இது கிழக்கு. பத்திரிகையில் முகவரிக்குப் புது ரோட்டைப் போட்டோம்.

வாசல் விஷயத்தை யாரும் சொல்ல வேண்டாம், வந்து பார்க்கட்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். மகள் பத்திரிகையை எடுத்துக்கொண்டு தானே போனாள். அந்தம்மா வாங்கிக்கொண்டாராம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்குக் கேட்டில் நின்றோம். மேளம் தயார். கோலம் கேட்டிலிருந்து ரோட்டின் பாதி வரைக்கும் போயிருந்தது. மாப்பிள்ளை வேனைக் காணோம். ஏழேகால் ஆனது. என் வீட்டுக்காரி என் முகத்தையே பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

வீட்டுக்கு அந்தப் பக்கம் ஹாரன் கேட்டது.

டிரைவர் செல்போனில் வழி போட்டிருக்கிறான். அது பழைய சந்துக்குக் கூட்டி வந்துவிட்டது. சந்துக்குள் வேன் நுழையாது. முனையிலேயே நிறுத்திவிட்டான். அக்கா வீட்டுக்குள் புகுந்து ஓடினாள். நானும் ஓடினேன்.

அந்தம்மா பட்டுச் சேலையில் பழைய வாசல் முன்னால் நின்றுகொண்டிருந்தார். வந்திருந்தார். ஆனால் அவர் முன்னால் அண்டாவும் குண்டாவும் மலைபோலக் கிடந்தன. இரண்டு பேர் உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தம்மாவின் முகம் சுண்டிவிட்டது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அந்தம்மா சேலையைத் தூக்கிப் பிடித்து ஒரு படி ஏறினார்.

அக்கா கதவை மறித்து நின்றாள்.

"இதுல வராதீங்க."

"என்னது?"

"இது பொறவாசலுங்க. உங்களப் பொறவாசல்ல கூட்டிட்டு வரமாட்டமுங்க. தயவு பண்ணிச் சுத்தி வாங்க."

அந்தம்மாவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார்.

"வாசல் கெழக்க வெச்சுட்டனுங்க" என்றேன்.

மேளக்காரர்கள் சந்துக்கு வந்துவிட்டார்கள். முன்னால் மேளம், பின்னால் அந்தம்மா, அப்புறம் மாப்பிள்ளை, சொந்தக்காரர்கள் என்று முழு வீதியையும் சுற்றிக் கூட்டி வந்தோம். புது ரோட்டுக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். கேட்டுக்கு முன்னால் அந்தம்மா நின்றார். வெயில் நேராகப் பந்தலுக்குள் விழுந்திருந்தது. சுவர் இருந்த இடத்தில் உடைந்த கல்லின் விளிம்பு இன்னும் பூசாமல் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தார்.

"எனக்காவா இடிச்சீய?"

"வாசல் இல்லாம எப்படிங்க வருவீங்க?" என்றேன்.

அக்கா ஆரத்தித் தட்டோடு நின்றாள். "காப்பி குடிச்சாத்தான் உள்ள உடுவேன். போன தடவ குடிக்காமப் போயிட்டீங்க."

அந்தம்மா சிரித்துவிட்டார். "குடுங்க மதினி. ரெண்டு டம்ளரா குடுங்க."

தாலி கட்டும்போது நான் மேலே பார்த்தேன். கூரை தொங்கவில்லை.

வாசல் திரும்பிய வீடு திரும்பினபடியே இருக்கிறது. போன வாரம் அந்தம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். அவருடைய மகளுக்கு மாப்பிள்ளை முடிவாகியிருந்தது.

"அண்ணாச்சி, எம்மவ கல்யாணத்தையும் இங்கன வச்சுக்கிடலாமா?"

அக்கா விடவில்லை. "ஏனுங்க, மண்டபம் ஒண்ணும் கெடைக்கலீங்களா?"

"மண்டபத்துல எவன் மதினி என்ன மேளத்தோட சுத்தி வரச் சொல்லுவான்?"

அக்கா இரண்டு டம்ளரில் காப்பி ஆற்றினாள். நான் டேப்பை எடுத்துப் பந்தலுக்கு அளக்கப் போனேன்.