அக்கா நகர்த்தி வைத்த நூறு கிலோ

என் அக்கா ஒரு நாளைக்கு எழுநூறு முட்டை உடைப்பாள். அதுதான் அவள் வேலை. பேக்கரியின் பின்கட்டில், ஜன்னலில்லாத ஓர் அறையில், இடுப்பு உயர எஃகு மேசைக்கு முன்னால் முப்பத்தோரு வருடம் நின்றாள். எந்த முட்டையையும் நேராகப் பெரிய பாத்திரத்தில் உடைக்க மாட்டாள். முதலில் ஒரு சின்னக் கிண்ணம். முகர்ந்து பார்த்து, நல்லது என்று தெரிந்த பிறகே பெரியதில் சேரும். ஒரு கூமுட்டை கலந்தால் அதுவரை உடைத்த அத்தனையும் பாழ். பிறகு கை. விரல்களைக் கொஞ்சம் அகற்றிப் பிடித்தால் வெள்ளைக்கரு நழுவிக் கீழே போய்விடும், மஞ்சள்கரு உள்ளங்கையில் தங்கிவிடும். இதற்காகவே அவள் நகம் வளர்த்ததில்லை. கல்யாணத்தன்றுகூட விரல் நுனித் தோல் உரிந்துதான் இருந்தது.

அங்கே மஞ்சள்கருவுக்குத்தான் மரியாதை. கிரீமுக்கும் பிஸ்கட்டுக்கும் அது போகும். வெள்ளைக்கருவில் கொஞ்சம் கேக் அலங்காரத்துக்கு எடுப்பார்கள், மீதி சாக்கடைக்கு. சாக்கடைக்குப் போகவேண்டியதைத் தின்றுதான் நான் உடம்பு வளர்த்தேன். இன்று இந்த ஊரில் நாற்பது பேருக்கு உடற்பயிற்சி சொல்லித்தருகிறேன், சுவரில் என் படம் ஒன்று தொங்குகிறது. அந்தப் படத்தைப் பார்த்து யாராவது "சூப்பர் அண்ணா" என்றால் எனக்கு உள்ளே சுருக்கென்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வாரத்துக்கு இரண்டு நாள் பேக்கரிக்கு மாவு லாரி வரும். மூட்டை ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ. ஆண்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு மூட்டையைத் தூக்கி, நடுவில் இறக்கி வைத்து, கதை பேசி, மறுபடி தூக்குவார்கள். அக்காவுக்குப் பொறுமை கிடையாது. "இவனுங்க தூக்கி முடிக்கிறதுக்குள்ள ரொட்டி வெந்து ஆறிடும்" என்று திட்டிக்கொண்டே ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோவாள். அதை யாரும் பலம் என்று சொல்லவில்லை. வாய்த்துடுக்கு என்றுதான் சொன்னார்கள்.

அப்பா அம்மா இல்லாத வீடு. ஓர் அறை, ஒரு ஸ்டவ், நாங்கள் இரண்டு பேர். எனக்கு இருபத்திரண்டு வயது. ஜவுளிக்கடையில் துணி மடிக்கிற வேலை. எடை ஐம்பத்திரண்டு கிலோ, பட்டப்பெயர் குச்சி. கடையில் பெண்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். ரோஷம் வந்து, டயர் கடைக்குப் பின்னால் இருந்த எடைப்பயிற்சிக் கூடத்தில் போய்ச் சேர்ந்தேன். அங்கே மாஸ்டர் என்று ஒருவர், கழுத்தே இல்லாத மனிதர். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"இரும்பு தூக்கறது பாதி வேலைதான்டா. சதை வளர்றது சாப்பாட்டுலயும் தூக்கத்துலயும். முட்டை சாப்பிடு."

"எத்தனை மாஸ்டர்?"

"உன்னைப் பாத்தா கோழிப் பண்ணையே வேணும் போல இருக்கு."

வீட்டில் வந்து அக்காவிடம் சொன்னேன். மறுநாள் அவள் தூக்குவாளி நிறைய வெள்ளைக்கருவோடு வந்து நின்றாள். எனக்கு அவசரம். ஒரு டம்ளர் நிறைய ஊற்றிப் பச்சையாகவே குடித்துவிட்டு இரண்டு நாள் கழிப்பறையும் கையுமாகக் கிடந்தேன். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். பச்சையாகக் குடித்தால் அதிலுள்ள சத்து முழுதாக உடம்பில் சேராது, வேகவைத்துத் தின்னு என்றார். அன்றிலிருந்து அக்கா வேலை முடிந்து வந்ததும் கல்லில் வெங்காயம் வதக்கி, மிளகு தூவி, பத்து முட்டை வெள்ளை அளவு ஊற்றிப் புரட்டித் தருவாள். மஞ்சளையும் ஒதுக்காதே என்று மாஸ்டர் சொன்னதால், கடையில் இரண்டு முழு முட்டை வாங்கி அவித்தும் வைப்பாள். அவள் வாயில் ஒன்றும் போடமாட்டாள். நாளெல்லாம் அதிலேயே கிடக்கிறவளுக்கு முட்டை வாடையே குமட்டும். மூக்கைச் சுளித்துக்கொண்டே எனக்குப் புரட்டிப்போட்டாள்.

எட்டு மாதத்தில் என் சட்டைக் கை இறுகியது. கண்ணாடி முன்னால் நின்று கையை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொள்வேன். பக்கத்தில் கல்லைத் திருப்பிக்கொண்டிருந்த கையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

என் கனவு நூறு கிலோ. தரையில் கிடக்கும் கம்பியை இடுப்பு வரை தூக்கி நிமிர வேண்டும். தொண்ணூறு தூக்கிவிட்டேன், தொண்ணூற்றைந்தும் தூக்கிவிட்டேன். நூறு மட்டும் தரையை விட்டு வரவே மாட்டேன் என்றது. அன்று சாயங்காலம் கூடத்தில் ஏழெட்டுப் பேர் சுற்றி நிற்க, மூன்று தடவை இழுத்தேன். மூன்றாவது தடவை கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். கம்பி வாசலுக்குக் குறுக்கே உருண்டு நின்றது.

அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள். நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பா கையில். கம்பி வழியை மறிக்கிறது.

"வழியில எதுக்குடா இதெல்லாம் போட்டு வச்சிருக்கீங்க?"

டப்பாவைக் கீழே வைத்தாள். குனிந்தாள். தூக்கினாள். இரண்டு எட்டு பக்கவாட்டில் நடந்து சுவரோரம் வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு டப்பாவை எடுத்தாள்.

கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. யாரோ விசில் அடித்தார்கள். நான் முகம் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் ஓடினேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். திரும்பி வந்தபோது அக்கா போய்விட்டிருந்தாள். எனக்கு அன்றே புதுப் பெயர் வைத்துவிட்டார்கள், அக்காவோட தம்பி என்று. குச்சியே தேவலாம் போலிருந்தது.

மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளையிலேருந்து உங்க அக்காவைக் கூட்டிட்டு வா. பெண்கள் பிரிவுக்கு ஆளே இல்ல. ஒண்ணும் பழகாமயே இந்தத் தூக்கு தூக்குது. முறையாப் பழகி, நாலு முட்டை ஒழுங்காச் சாப்பிட்டா ஒரே வருஷம், மாநில அளவுல எவளும் கிட்ட வரமுடியாது. சொல்றியா?"

"சொல்றேன் மாஸ்டர்."

வீட்டுக்குப் போனேன். அக்கா கல்லைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"மாஸ்டர் ஏதாச்சும் சொன்னாரா?"

"ஆமா. பொம்பளைங்க இங்கெல்லாம் வரக்கூடாதாம். இனிமே வராதே."

"சரி" என்றாள். பத்து முட்டை வெள்ளையை ஊற்றினாள்.

மறுநாள் மாஸ்டரிடம் போய் "அக்காவுக்கு இஷ்டமில்ல" என்று சொன்னேன். அவர் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தார். நானும் இரண்டு மூன்று தடவை அதையே சொன்னேன். அக்காவின் வாழ்நாளில் அவளைத் தேடி வந்த ஒரே அழைப்பு அது. அதைக் கமுக்கமாக அமுக்கிவிட்டு, அவள் கையாலேயே சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினேன். அவ்வளவு பொறாமை எனக்குள் இருந்திருக்கிறது. என்ன வார்த்தை போட்டு மெழுகினாலும் அதன் பெயர் அதுதான்.

பிறகு நான் மட்டும் எடை தூக்கும் போட்டிக்குப் போனேன். என் எடைப் பிரிவில் மூன்று பேர், நான் மூன்றாவது. சுவரில் தொங்குகிற படம் அதுதான். மூன்று பேர் மட்டுமே போட்டியிட்டார்கள் என்பது படத்தைப் பார்த்தால் தெரியாது. அக்கா பேக்கரி வேன் ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டாள். ஒரு பெண் பிறந்தாள். அக்கா மேசைக்குத் திரும்பிப் போனாள், முட்டை உடைத்தாள், மூட்டை தூக்கினாள். மாஸ்டர் காலமானார். நான் சொந்தமாகக் கூடம் ஆரம்பித்தேன். என்னிடம் பெண்கள் வந்து சேரும்போதெல்லாம் சொல்லிவிடலாமா என்று தோன்றும். அக்கா வீட்டுக்குப் போவேன், காபி குடிப்பேன், மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடுவேன். முப்பது வருடம் இப்படியே ஓடியது.

போன வருடம் அக்கா குளியலறையில் விழுந்தாள். எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் வேலையை விட்ட மூன்று வருடத்தில் தொடைச் சதை கரைந்துவிட்டது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றித்தான் எழுந்தாள். டாக்டர் மாத்திரை எழுதவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கிப் பழகுங்கள், தினம் முட்டை சாப்பிடுங்கள், அப்போதுதான் சதை நிற்கும் என்றார். அக்கா ஆஸ்பத்திரியிலேயே சிரித்துவிட்டாள்.

"முட்டையா? என்னையா சாப்பிடச் சொல்றீங்க?"

காலை பத்து மணிக்கு என் கூடத்தில் ஆளிருக்காது. அந்த நேரத்துக்கு வரச்சொன்னேன். எடை எதுவும் மாட்டாத வெறும் கம்பியைத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்திக் கட்டைமேல் வைத்தேன். எப்படி நிற்பது என்று சொல்லித்தர வாயைத் திறப்பதற்குள் அவளே போய் நின்றாள். கெண்டைக்கால் கம்பியைத் தொட்டும் தொடாமலும். பாதங்கள் இடுப்பு அகலத்தில். இடுப்பை இறக்கி, முதுகை நேராக்கி, நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அந்த நிலை எனக்குப் படிய ஆறு மாதம் ஆனது. என்னிடம் வருகிற பையன்களுக்கு இன்னும் படியவில்லை.

"யாருக்கா சொல்லித் தந்தாங்க?"

"உங்க மாஸ்டர்தான்."

"எப்போ?"

"அன்னிக்கு நீ முகம் கழுவப் போனியே, அப்பதான். இப்படி நில்லும்மா, முதுகு வளையக்கூடாதுன்னு நின்னு காட்டினாரு. தினம் நாலு முட்டை சாப்பிடச் சொன்னாரு. நாளைக்குத் தம்பியோட வா, நானே அவன்கிட்ட சொல்றேன்னாரு."

சுவரில் தொங்கிய என் படம் கண்ணில் பட்டது.

"அப்போ நான் சொன்னது..."

"பொய்னு தெரியும்டா."

"ஏன்க்கா என்னைக் கேக்கல?"

"கேட்டேனே. மாஸ்டர் ஏதாச்சும் சொன்னாரான்னு அன்னிக்கே கேட்டேனே." கம்பியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "ரெண்டு மாசம் பாத்தேன். பேக்கரியில மதியச் சாப்பாட்டு நேரத்துல நாலு முட்டை அவிச்சு, மூக்கைப் பொத்திக்கிட்டு முழுங்குவேன். என்னிக்காவது நீ கூப்பிட்டா உடம்பு தயாரா இருக்கணுமில்ல? அப்புறம் உனக்குப் பிடிக்கலன்னு புரிஞ்சுபோச்சு. விட்டுட்டேன்."

மன்னித்துவிடு என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. அதற்கும் நான் முப்பது வருடம் பிந்திவிட்டேன்.

"எத்தனை தடவை தூக்கணும்?" என்று கேட்டாள்.

"எட்டு."

தூக்கினாள். முழங்கால் நடுங்கியது. முதுகு வளையவில்லை. எண்ணுவது சொல்லித்தருகிறவன் வேலை, நான் எண்ணாமல் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கொஞ்சம் காத்துப் பார்த்தாள். பிறகு ஒன்று, இரண்டு என்று தானே எண்ண ஆரம்பித்தாள்.