முடிவு சொல்லாத கடை

நேற்றுப் பின்னேரம் என் மகள் சுவரைப் பார்த்து நின்று பாடமாக்கிக்கொண்டிருந்தாள். "நோக்குநிலை எனப்படுவது, கதையானது எவருடைய பார்வையினூடாகச் சொல்லப்படுகின்றது என்பதாகும்." வாய்ப்பாடு சொல்வதுபோல ஒரே மூச்சு.

"விளங்கிச்சா புள்ள?" என்றேன்.

"விளங்கத் தேவல்ல வாப்பா, எழுதினாச் சரி."

தமிழ் வாத்தியாரின் மகள் சொல்லும் பதில் இது. ஏச வாயெடுத்தேன், சிரிப்புத்தான் வந்தது. அவள் மேசையில் கிடந்த புது பிளாஸ்டிக் உறையின் வாசனை வேறு மூக்கில் ஏறி, என்னை வேறெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. புது வீடியோ கசெட்டின் பெட்டியைத் திறந்தால் வருகிற அதே வாசனை.

உங்களுக்குச் சொல்வதற்கென்ன, உயர்தரப் பரீட்சையில் முதல் தரம் நான் விழுந்தது தமிழில். வாயைத் திறந்தால் வேறு பாஷை வராத ஒருத்தன் தமிழில் விழுந்தால் ஊர் சும்மா இருக்குமா? கதைப்பின்னல், முரண், உச்சக்கட்டம், நோக்குநிலை என்று எல்லாவற்றுக்கும் வரைவிலக்கணம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். ஒரு சிறுகதையைக் கையில் தந்து இதில் முரண் எங்கே என்று கேட்டால் மட்டும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோலிருக்கும்.

வாப்பாவுக்கு நீட்டிக் கதைக்கிற பழக்கம் இல்லை. வயலால் வந்து கால் கழுவிக்கொண்டே சொன்னார்: "பாஸ்போட்டுக்குப் போட்டோ எடு. இன்னொரு தரம் எழுதிப் பாரு. அதையும் கோட்டை விட்டா கட்டார்ல வேலைதான்."

மறு பரீட்சை வரும்வரை வீட்டில் சும்மா இருந்து வாப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து, கல்முனைக் கடைத்தெருவின் பக்கத்து ஒழுங்கையில் இருந்த கலாம் நானாவின் வீடியோ கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். வாப்பாவுக்கு அது 'படக்கடை'. அந்த ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்பவே மாட்டார்.

முதல் நாள், பாலமுனையிலிருந்து வந்த ஒரு ராத்தா ஒரு கசெட்டைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன கதை தம்பி?" என்று கேட்டார். முந்தின நாள்தான் அந்தப் படத்தைப் பார்த்திருந்தேன். விடுவேனா? பெயர் ஓடுகிற இடத்தில் தொடங்கி, கதாநாயகி கடைசியில் தாயின் மடியில் சாகிற இடம் வரை சொல்லி முடித்தேன். ராத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "நல்ல படம் மனே. பாத்த மாதிரியே இரிக்கி" என்று கசெட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கலாம் நானா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "படத்த நாங்க வாடகைக்குக் குடுக்கிறமா, நீ வாயால ஓட்டிக் காட்டுறாயா?"

அடுத்த நாள் உஷாரானேன். வந்தவரிடம் தொடக்கத்தை மட்டும் சொன்னேன்: "ஒரு குடும்பம். வாப்பா, உம்மா, மூணு புள்ளைகள். சந்தோசமா இருப்பாங்க." அவர் காத்துக்கொண்டிருந்தார். நான் கசெட்டை அவர் பக்கம் தள்ளினேன். "நாங்களும் சந்தோசமாத்தான் இரிக்கம், இதுக்கு என்னத்துக்குப் படம்?" என்று கேட்டுவிட்டு அவரும் நடையைக் கட்டினார்.

அன்று பகல் சோற்றுப் பார்சலை அவிழ்க்கும்போது கை அப்படியே நின்றது. முரண்! அந்தக் குடும்பத்தில் ஒரு பிரச்சினை வெடிக்காமல் ஆள் ஏன் நிற்பான்? வரைவிலக்கணத்தில் 'பாத்திரங்களுக்கிடையிலோ, பாத்திரத்தின் உள்ளத்திலோ எழும் மோதல்' என்று இருந்த வரி இப்போது, கசெட்டை வைத்துவிட்டுப் போன மனிதரின் முதுகாக எனக்கு முன்னால் நின்றது. முதல் நாள் ராத்தாவிடம் நான் கொட்டித் தீர்த்தது உச்சக்கட்டம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. மோதலைச் சொல்ல வேண்டும், முடிவைச் சொல்லக் கூடாது. இதைக் கண்டுபிடித்ததும், பார்சலில் இருந்த மீன் பொரியலைக் கலாம் நானாவுக்குக் கொடுத்தேன். அவருக்குக் காரணம் விளங்கவில்லை, ஆனால் தின்றார்.

அதற்குப் பிறகு கசெட்டுகள் பறக்கத் தொடங்கின. நானும் கொஞ்சம் மிதப்பாகிவிட்டேன். அந்த மிதப்பை இறக்கியவர் யோகராணி அக்கா. ஊர் காரைதீவு, ஆஸ்பத்திரியில் தாதி. கடமை முடிந்து வீடு போகிற வழியில் கடைக்குள் ஏறுவார்.

"தம்பி, நீ எந்த நாளும் கதாநாயகன்ட பக்கம் நிண்டுதான் கதைக்கிறாய்" என்றார் ஒரு நாள். "அவன் அடிச்சான், அவன் பாடினான். எனக்கு அலுத்துப் போச்சு. அவன்ட தாய் என்ன நினைச்சா? அவட பக்கத்தால ஒருக்கா சொல்லு பாப்பம்."

அவர் கையில் இருந்தது ஓர் அண்ணன் தம்பிப் படம். தம்பி ஓட்டிய லொறியில் ஒரு மனிதர் அடிபட்டு இறந்துவிட, அண்ணன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு சிறைக்குப் போகிறான். தாய்க்கு உண்மை தெரியாது. நான் தடுமாறித் தடுமாறித் தாயின் பக்கம் போனேன். அவள் சிறைவாசலில் மூத்தவனை ஏசுகிறாள். வீட்டுக்கு வந்து இளையவனுக்குச் சோறு ஊட்டுகிறாள். அவனுக்குச் சோறு இறங்குதில்லை. ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. கதை ஒன்றுதான், நின்று பார்த்த இடம்தான் வேறு. யோகராணி அக்கா கசெட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இப்ப சொன்னாய் கதை" என்றார். நோக்குநிலை எனக்கு விளங்கியது அந்த இடத்தில்தான்.

இந்த நேரம் பார்த்து எதிரில் ஒரு புதுக் கடை வந்தது. வாசலிலேயே பெரிய டீவி, நாள் முழுக்கப் பாட்டும் சண்டையும். நோன்பு காலத்தின் கடைசி நாட்கள். பெருநாளைக்குப் பார்க்கக் கசெட் எடுக்க ஊரே வருகிற நேரம். அத்தனை பேரும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த டீவியின் முன்னால் நின்றார்கள். "பெருநாளோட கடையப் பூட்டுவம் போல" என்றார் கலாம் நானா. பகிடிக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

பெருநாளுக்கு முந்தின நாள் பின்னேரம் அஸர் தொழுது கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. எதிர்க்கடை டீவி கறுத்தது. சனங்கள் கலையாமல், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். கலாம் நானா என் முதுகில் ஒரு தள்ளுத் தள்ளினார். "கதை மனே!"

நான் வாசற்படியில் ஏறி நின்றேன். நோன்பு நாக்கு, மேல்வாயில் ஒட்டிக்கிடந்தது. "ஒரு உம்மாக்கு ரெண்டு ஆம்பிளப் புள்ளைகள்" என்று தொடங்கினேன்.

முதலில் நாலைந்து பேர் திரும்பினார்கள். லொறி மோதியபோது முன்வரிசை கிட்ட வந்தது. மூத்தவன் சிறைக்குப் போனபோது எதிர்க்கடைப் பெடியனும் தெருவைக் கடந்து வந்துவிட்டான். தாய் சிறைவாசலில் நின்று ஏசியபோது சைக்கிளில் போனவர்களும் இறங்கி நின்றார்கள். முரணை இறுக்கினேன். இளையவனின் தொண்டையில் சோற்றைச் சிக்க வைத்தேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"உம்மா அவன்ட நாடியப் புடிச்சித் தூக்குறா. 'சொல்லு மகன், அண்டைக்கு லொறிய ஓட்டினது ஆரு?' அவன் தலையத் தூக்குறான். வாயத் துறக்கிறான்..."

பள்ளியில் பாங்கு சொன்னது.

நான் திட்டமிட்டுத்தான் அங்கே நிறுத்தினேன் என்று இத்தனை வருடமும் சொல்லிவந்திருக்கிறேன். உங்களிடம் மறைக்க என்ன, பாதி திட்டம், பாதி அல்லாஹ்வின் கிருபை. நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கைக்குக் கை போயின. வாயில் பழத்தோடே ஆட்கள் கத்தினார்கள்: "அவன் சொன்னானா?" "எனக்கு அந்தக் கசெட்!" "நாந்தான் முதல் வந்த!" அந்தப் படத்தில் இருந்ததே இரண்டு பிரதி. கிடைக்காதவர்கள் இறாக்கைத் தட்டுகளில் இருந்த மற்றவற்றை, "இதுலயும் உம்மா வருவாவா?" என்று கேட்டுக் கேட்டு அள்ளிக்கொண்டு போனார்கள். கரண்ட் வந்தபோது எங்கள் இறாக்கை மொட்டையாக இருந்தது. கலாம் நானா என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். கடை அதற்குப் பிறகு பல பெருநாள் கண்டது.

பரீட்சையில் அந்த முறை கேள்வி, சிறுகதையின் கூறுகளை உதாரணங்களுடன் விளக்குக என்றிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்து, மேற்பார்வையாளர் முறைத்தார். பேனை தானாக ஓடியது. முரணுக்கு நடையைக் கட்டிய அந்த மனிதரையும், உச்சக்கட்டத்துக்கு அந்த ராத்தாவையும் உதாரணமாக எழுதினேன். மணி அடித்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தேன், தாளை இழுத்துத்தான் எடுத்தார்கள்.

தமிழுக்கு 'ஏ'. கெம்பசுக்கும், அதாவது பல்கலைக்கழகத்துக்கும், எடுபட்டேன். பாடசாலைச் சுவரில் ஒட்டியிருந்த முடிவைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடி, முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்த வாப்பாவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். சுத்தியல் அடியை நிறுத்தவில்லை. கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"அப்ப, அந்தத் தம்பிக்காரன் கடைசில உண்மையச் சொன்னானா, இல்லையா?"

அந்தப் பின்னேரம், கூட்டத்துக்குப் பின்னால், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவரும் நின்றிருக்கிறார்! பாங்கு கேட்டதும் போய்விட்டாராம். இவ்வளவு நாளாக மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நான் முடிவைச் சொன்னேன். வாழ்நாளில் ஒரு முடிவை அவ்வளவு சந்தோசத்தோடு சொன்னதில்லை. வாப்பா உள்ளே போய், கட்டாருக்கென்று எடுத்துவைத்திருந்த என் பாஸ்போட்டைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். "வெச்சிக்க. ஒரு நாளைக்கி ஹஜ்ஜுக்குப் போக ஒதவும்."

அந்த ஒழுங்கையில் இப்போது இரண்டு கடையும் இல்லை. கசெட்டும் இல்லை, சீடியும் இல்லை. ஆளுக்கொரு போன், காதில் வயர், படம் பார்த்து முடிந்ததும் விரலால் ஒரு தள்ளு. அவையெல்லாம் போனதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. கசெட்டைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள்தான் கண்ணுக்குள் நிற்கிறார்கள். சும்மா கொடுத்துவிட்டுப் போகமாட்டார்கள். "அந்தப் புள்ளய அவனுக்கு ஏன் கட்டிக் குடுத்த? முடிவு பிழை!" என்று படத்தை எடுத்தவனே நான்தான் என்பதுபோல நெஞ்சுக்கு நேரே விரலை நீட்டி ஏசுவார்கள். நானும் விடாமல் வாதாடுவேன். பக்கத்தில் நிற்கிறவர் எங்கள் இருவருக்குமே எதிராக ஒரு முடிவு சொல்வார். இன்று வகுப்பில் எந்தக் கதையை நடத்தினாலும் பிள்ளைகள் முடிவை மரியாதையோடு கேட்டு, அப்படியே கொப்பியில் எழுதிக்கொள்கிறார்கள். சண்டைக்கு ஒரு ஆளில்லை.