மணல்மேட்டில் எந்த அக்காவின் செடி

என் தங்கைக்கு அக்கா இரண்டு பேர். ஒருத்தி நான், கூடப் பிறந்தவள். இன்னொருவர் அவளுடைய ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி. வாக்கப்பட்ட வீட்டில் மூத்த ஓரகத்தியை அக்கா என்று கூப்பிடுவது வழக்கம்தான், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போனில் அவள் "அக்கா சொன்னாங்க" என்று ஆரம்பிக்கும்போது, நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று ஒரு நொடி யோசிப்பேன். பிறகு புரியும். புரிந்ததும் வயிறு எரியும்.

அவள் இருப்பது கடற்கரையோரக் கிராமம். வீட்டுக் கொல்லைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு இருக்கிறது. மழைக்காலம் வந்தால் அலை அதை அரிக்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் மணல் பறந்து அடுப்படி வரைக்கும் வருகிறது. மேட்டைப் பிடித்து நிறுத்தச் செடி வைக்கப்போவதாக இந்த வருடம் போன் செய்தாள்.

"சவுக்கு வேணாங்கா. நாட்டுச் செடியா பாத்துக் குடு. நீதான நர்சரி வெச்சிக்கினு கீற."

அந்த 'நீதான' என்ற ஒரு சொல்லில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே நானும் வீட்டுக்காரரும் நர்சரி வைத்திருக்கிறோம். நகை எடுப்பதும் பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதும் அந்த அக்காவைக் கேட்டு நடக்கட்டும். அவர் கணக்கு டீச்சர், செடிக்கு அவர் என்ன கணக்குப் போடுவார்?

நீர்மருது, நாவல், புங்கன், பூவரசு என்று கன்றுகளைப் பொறுக்கினேன். எல்லாம் எங்கள் ஏரிக்கரை மரங்களின் விதையிலிருந்து நானே முளைக்கவைத்தவை. கொஞ்சம் கோணலாக இருந்ததைக்கூட ஒதுக்கிவிட்டேன்.

வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இன்னா, தங்கச்சிக்கு மறுபடியும் சீர்வரிசையா?" என்றார்.

"உங்களுக்கு இன்னா வந்தது, ஏத்துங்க" என்றேன்.

லோடு ஆட்டோவில் டிரைவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போய் இறங்கினேன். இறங்கிப் பார்த்தால் மேட்டில் வேலை பாதி முடிந்திருக்கிறது. கடலைப் பார்த்த சரிவு முழுக்க அடம்புக்கொடித் துண்டுகளைப் படுக்கவைத்து மணல் தள்ளி, நுனியை மட்டும் வெளியே விட்டிருந்தார்கள். இடையிடையே ராவணன் மீசைப் புல் முள்ளு முள்ளாக நீட்டிக்கொண்டு நின்றது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நட்டுக்கொண்டிருந்தவர் அந்த அக்கா.

"வாம்மா, உன்னத்தான் பாத்துக்கினு இருந்தோம்" என்றார். "கொடி மட்டும் குப்பத்து ஓரத்துல இருந்து எடுத்தாந்தேன். பின்னாடி இன்னா மரம் வெக்கறதுன்னு நீதான் சொல்லணும்."

எவ்வளவு தன்மையாகச் சொன்னார் பாருங்கள். கெட்டவராக இருந்து தொலைத்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி.

அலை ஏறி வருகிற இடத்தில் மரக்கன்று நிற்காது. படர்கிற கொடியும் புல்லும்தான் முன்வரிசையில் மணலைக் கட்டிப்பிடிக்கும், அதற்குப் பின்னால்தான் மரம். இது எனக்குத் தெரியாததா? ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "இது வேர் புடிக்கறதுக்குள்ள மழ வந்து வாரிக்கினு பூடும்" என்றேன்.

"போனா போவட்டும்மா, மறுபடியும் நட்டுக்கலாம்" என்றார் அவர். சண்டைக்குக்கூட லாயக்கில்லாத மனுஷி.

தங்கை வண்டியிலிருந்த கன்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பூவரசை எடுத்துக் கீழே வைத்தாள், புங்கனை வைத்தாள். நீர்மருதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே விட்டாள்.

"இது ஏரிக்கர மரங்கா. கால்ல நல்ல தண்ணி வேணும் இதுக்கு. இந்த உப்புக் காத்துக்கு எலயெல்லாம் கருகிப் பூடும். நாவலும் வேணாம்."

"நாட்டுச் செடிதானடி கேட்ட?"

"ஆமாங்கா. ஆனா எங்க ஊருக்கு நாட்டுச் செடி வேற."

எங்க ஊர் என்றால் உத்திரமேரூர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. தப்பு இருந்தால் திட்டியாவது இருப்பேன்.

கொடிக்குப் பின்னால் இடம் விட்டு, குழியெடுத்துப் பூவரசை நட்டேன். கோபத்தில் நட்டேன், ஆனாலும் ஒழுங்காகத்தான் நட்டேன். காற்றுக்குச் சாயாமல் குச்சி ஊன்றிக் கட்டினேன். கீழே சரிவில் அந்த அக்கா ஏதோ மெல்லச் சொல்ல, தங்கை மூக்கால் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு மூக்கால் சிரிப்பது எங்கள் வீட்டுச் சிரிப்பு. அம்மா தூங்கும்போது நாங்கள் இரண்டு பேரும் பழகியது. அதைக் கேட்டதும் கையிலிருந்த கயிற்றை வேண்டுமென்றே இறுக்கி, பிறகு கன்றை நினைத்துத் தளர்த்தினேன்.

அப்போது தங்கைக்குப் போன் வந்தது. அவள் வீட்டுக்காரர்தான். கையெல்லாம் மண் என்பதால் தோளில் போனை இடுக்கிக்கொண்டு பேசினாள்.

"யாரா? உத்திரமேரூர் அக்கா வந்துகீறாங்க. செடி கொண்டாந்துகீறாங்க."

என்னைப் பற்றி யாரிடம் பேசினாலும் அவள் "அக்கா வந்துகீது", "அக்கா சொல்லிச்சு" என்றுதான் சொல்வாள். பேச ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான். எனக்கு ஊர்ப் பெயரும் தேவைப்பட்டதில்லை, மரியாதையும் தேவைப்பட்டதில்லை. இப்போது இரண்டும் சேர்ந்தே வந்துவிட்டன.

போனை வைத்துவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, டீ போடட்டா?" என்று கேட்டாள்.

"போடும்மா" என்றார் அந்த அக்கா.

என்னையும் சேர்த்துக் கேட்டாளா என்று தெரியாமல், நான் புங்கனுக்குக் குழியெடுக்க ஆரம்பித்தேன்.