விரதத்தில் ஏறிய எடை

இன்று மாமியாரோடு பதுளைக்குப் போய் பெண் டொக்டரைப் பார்த்தேன். கல்யாணமாகி ஆறு வருடமாகியும் எனக்குப் பிள்ளை இல்லை. மாதவிடாயும் ஒழுங்காக வருவதில்லை.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "எடை கூடினபடியாத்தான் முட்டை ஒழுங்கா முதிருதில்லை போல. கொஞ்சம் குறைஞ்சாலே மாற்றம் தெரியும். என்ன சாப்பிடுறனீங்கள்?" என்று கேட்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பிள்ளை வரம் கேட்டு வெள்ளிக்கிழமைதோறும் முருகனுக்கு விரதம் இருக்கிறவள் நான். பகலில் பச்சைத் தண்ணீர்தான் என்றேன்.

"பின்னேரம்?"

வீட்டுக் கணக்கு எழுதிப் பழகியவள் என்பதால் ஒன்று விடாமல் சொன்னேன். சர்க்கரைப் பொங்கல், உளுந்து வடை, நெய் விட்ட பால்சோறு. சொல்லச் சொல்ல என் குரல் இறங்கியது. பிரசாதத்தை வீணாக்கக் கூடாது என்று மிச்சமும் மறுநாள் என் வயிற்றுக்குத்தான் போகும்.

"விரதத்தை விட வேண்டாம். படையலைக் குறையுங்கோ," என்றார் டொக்டர்.

பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வரத்தைக் கேட்டுக்கொண்டே அதை நானே தள்ளிப் போட்டேனா?

பெரகல சந்தி தாண்டியதும் மாமியார் என் பக்கம் சாய்ந்தார்.

"பொங்கல கொறச்சா சாமிக்குக் கொற வச்ச மாதிரி ஆயிரும்மா. நீ கும்புட்டுட்டு எந்திரிச்சிரு. நான் சாப்புட்டுக்கிறேன்."

அவருக்குச் சீனி வருத்தம்; இனிப்பே ஆகாது.

நாளைக்கு வெள்ளி. ஹல்துமுல்லையில் எங்கள் வீட்டுப் பக்கம் வருகிறவர்கள் தயவுசெய்து பசியோடு வாருங்கள்.